ஆபரேஷனுக்குப் பின் வலி: சொல்வோம், கேட்போம்

(நோயாளர் தினத்தன்று பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஆபரேஷன் முடிந்து மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் நம் தாய்மாரிடம், "வலிக்கிறதா அம்மா?" என்று கேட்டால், "ஆண்டவர் பட்ட பாடுகளுக்கு முன் இது எம்மாத்திரம் சாமி? ஒப்புக்கொடுத்துவிட்டேன்" என்பார்கள். அந்த விசுவாசம் பெரிது. ஆனால் வலியை நர்ஸிடம் மறைக்கும்படி விசுவாசம் நம்மைக் கேட்கவில்லை.

இத்தாலிய மயக்கமருந்து மருத்துவர்கள் எழுப்பிய இதே ஐயத்துக்குப் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1957 பிப்ரவரி 24-இல் விடையளித்தார். வலியை மனமுவந்து ஏற்பது புண்ணியமாகலாம். ஆயினும் அதைத் தணிக்கும் மருந்தை ஏற்பது தவறன்று என்று தெளிவுபடுத்தினார்.

மறைத்த வலி உடலைக் கெடுக்கும். டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928-இல் தொடங்கிய தாம்பரம் காசநோய் சானடோரியத்துக்கு அருகில் வாழும் நமக்கு நெஞ்சுச் சளியின் ஆபத்து தெரியாததன்று. வயிற்றிலோ மார்பிலோ ஆபரேஷன் ஆனவர் வலிக்குப் பயந்து ஆழ்ந்து மூச்சிழுக்கமாட்டார், இருமமாட்டார். சளி தங்கி நிமோனியா வரலாம். நடக்காமலே கிடந்தால் கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறையலாம்.

ஆகவே நல்ல நர்ஸ், நோயாளி முனகும்வரை காத்திருப்பதில்லை. படுத்திருக்கையில் எவ்வளவு வலி, இருமும்போது எவ்வளவு என்று 0 முதல் 10 வரை எண் சொல்லச் சொல்கிறார். கட்டு மாற்றுவதற்கு முன்பும் நடக்க வைப்பதற்கு முன்பும் மருத்துவர் எழுதிய மருந்தைக் கொடுக்கிறார். இருமும்போது தையல்மேல் தலையணையை அணைத்துப் பிடிக்கக் கற்றுத் தருகிறார். ஊசி போட்டால் அரை மணியில், மாத்திரையானால் ஒரு மணியில் திரும்பி வந்து, "குறைந்ததா?" என்று கேட்கிறார். வலிக்கு நோயாளியின் சொல்லே சான்று என்று மார்கோ மெக்காஃப்ரி என்ற அமெரிக்க நர்ஸ் 1968-இலேயே எழுதிவைத்தார்.

நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெய் வார்த்ததோடு நின்றுவிடவில்லை. சாவடிக்காரனிடம் திரும்பி வருவதாகவும் சொல்லிச் சென்றான். அந்தத் திரும்பி வருதலே நர்ஸ் பணியின் உயிர்.

ஒரே நர்ஸ் பல கட்டில்களைக் கவனிக்கும் வார்டில் இது எளிதன்று. எனவே துணைக்கு இருப்போரே, நோயாளி தயங்கினால் நீங்கள் சொல்லுங்கள். கடையில் வாங்கிய மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். நர்ஸாகப் பணிபுரியும் நம் பங்கின் பிள்ளைகளே, களைத்திருக்கும் இரவிலும் இன்னொரு முறை அந்தக் கட்டிலருகே செல்லுங்கள்.

இறைவன் உங்கள் கைகளை ஆசீர்வதிப்பாராக.