துணையைத் தேடுதலும் துணையைப் பெறுதலும்

கணினி நிரலை ஆக்குவோர் பெரும் வேலையொன்றைச் சிறு பகுதிகளாகப் பிரித்தே எழுதுவர். அப்பகுதிகளுட் சில, ஏனையவற்றுக்குத் துணைபுரியவே அமைந்தவை. அத்துணையை ஒரு பகுதி எவ்வாறு பெறுதல் வேண்டும் என்னும் வினாவுக்கு இரு விடைகள் உண்டு.

ஜாவா, சீ ஷார்ப் முதலிய மொழிகளில் வழங்கும் 'ஸ்டாட்டிக்' முறை முதலாவது விடை. எப்பொருளையும் உருவாக்காமல், பெயரைச் சொல்லி எவ்விடத்திலிருந்தும் அதனை அழைக்கலாம். இரண்டாவது, 'டிபென்டன்சி இன்ஜெக்ஷன்' எனப்படுவது. இங்கே ஒரு பகுதி தன் துணையைத் தானே தேடிச் செல்வதில்லை. அது ஆக்கப்படும்போதே துணை வெளியிலிருந்து அதன் கையிற் கொடுக்கப்படும். மார்ட்டின் ஃபௌலர் 2004ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை இப்பெயரைப் பரவச் செய்தது.

இவற்றுள் எது சிறந்தது எனப் பொதுப்படக் கேட்பதிற் பயனில்லை. துணையின் இயல்பையே நோக்குதல் வேண்டும். இரண்டு எண்களுட் பெரியதைக் கூறும் முறைக்கு 7ஐயும் 9ஐயும் கொடுத்தால், விடை என்றும் 9தான். அம்முறை எதையும் மறைவாகப் படிப்பதில்லை, எதையும் மாற்றுவதுமில்லை. அது ஸ்டாட்டிக்காக இருப்பதால் தீங்கொன்றுமில்லை. அதனையும் வெளியிலிருந்து கொடுக்க முற்படுவது வீண் சுமை.

இன்றைய திகதி யாது எனக் கேட்கும் முறையோ வேறு வகையினது. கணினியின் கடிகாரத்தைப் பார்த்தே அது விடை தருகின்றது. அதனைத் தன்னுள்ளே நேராக அழைக்கும் நிரலைப் பெப்ரவரி 29ஆம் நாளுக்கெனச் சோதிக்க விரும்புபவர் யாது செய்வர்? கணினியின் கடிகாரத்தை மாற்றவேண்டும்; அன்றேல் அந்நாள் வரும்வரை காத்திருக்கவேண்டும்.

இஃது அற்பமான பிரச்சினையன்று. 2012 பெப்ரவரி 29 அன்று மைக்ரோசாஃப்டின் அஷூர் சேவை தடைப்பட்டது. சான்றிதழொன்றின் முடிவுத் திகதியைக் கணிக்க, அங்கிருந்த நிரல் ஆண்டுடன் 1ஐக் கூட்டியது. கிடைத்த விடை 2013 பெப்ரவரி 29. அப்படியொரு நாள் இல்லாமையாற் சான்றிதழை ஆக்க இயலாது போயிற்று. கடிகாரத்தை வெளியிலிருந்து பெறும் நிரலாயின், இத்தகைய நாளை எந்நாளிலும் காட்டிச் சோதித்தல் எளிது.

மொழிகளை ஆக்கியோரும் இத்தேவையை உணர்ந்தனர். 2014இல் வெளியான ஜாவா 8 'கிளொக்' என்னும் வகுப்பையும், 2023இல் வெளியான டொட் நெட் 8 'டைம் புரொவைடர்' என்னும் வகுப்பையும் தந்தன. கடிகாரமும் கையிற் கொடுக்கத்தக்க பொருளாயிற்று.

பழைய நிரலொன்றில் ஸ்டாட்டிக் அழைப்புகள் மலிந்திருப்பின், யாவற்றையும் ஒரே நாளிற் களைய வேண்டியதில்லை. பழைய முறையைப் புதிய வகுப்பொன்றினுள் வைத்து, அவ்வகுப்பை வெளியிலிருந்து கொடுக்கலாம். வழமையான வேளையில் உள்ளே பழைய முறையே பணிபுரியும். சோதனையின்போது அவ்விடத்தில் மாற்று ஒன்று நிற்கும்.

ஸ்டாட்டிக் முறைக்கே ஒரு துணை தேவைப்படின், அதனை அழைக்கும்போதே உடன் கொடுத்தல் நன்று. யாவரும் தொடத்தக்க பொதுவிடமொன்றில் அதனை வைத்துவிட்டால், ஒரு சோதனை மாற்றியதை மற்றொரு சோதனை அறியாமற் படித்துவிடும்.

ஆகவே, நிரலாளர் கேட்கவேண்டிய வினா ஒன்றே: இத்துணை புறவுலகைத் தொடுகின்றதா? கடிகாரம், கோப்பு, வலையமைப்பு, தரவுத்தளம் ஆகியவற்றைத் தொடுவதைக் கையிற் கொடுத்தல் வேண்டும். வெறுங் கணக்கை மட்டும் செய்வது இருந்த இடத்திலேயே இருக்கலாம்.