எல்லோரும் நுழையும் வாயில்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

நம் சங்கத்துக்குப் புதிய இணையதளம் அமைக்க எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுக்கலாம் என்று ஆராய்ந்து கூறும்படி, அடியேன் உள்ளிட்ட மூவரைச் செயற்குழு பணித்தது. மூவரும் கண்டறிந்ததை இச்சபையின் முன் வைப்பதே என் கடமை.

சென்ற ஆண்டு மலரின் ஒவ்வொரு பக்கத்தையும் படமாக எடுத்து இணையத்தில் ஏற்றினோம். அம்மலரில், மறைந்த தம் துணைவியாரைப் பற்றி நம் மூத்த உறுப்பினர் ஒருவர் கட்டுரை வரைந்திருந்தார். அவர் நீரிழிவினால் பார்வை இழந்தவர். அவர் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதிய கட்டுரை அது. திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கித் தரும் திரைவாசிப்பான் துணைகொண்டு அதைக் கேட்க முயன்றார். படம் இருக்கிறது என்பதற்கு மேல் அக்கருவி ஒன்றும் சொல்லவில்லை. “என் வீட்டுக்காரியைப் பற்றி நான் சொன்னதை எனக்கே சொல்ல மறுக்கிறதே நம் மலர்!” என்றார். அவர் சினந்து பேசவில்லை. அதனாலேயே அச்சொல் எங்களைச் சுட்டது.

இஃது ஒருவர் குறையன்று. 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 இலட்சம் பேர். அவருள் பார்வைக் குறையுடையோர் ஏறத்தாழ 50 இலட்சம். 2016 இல் இயற்றப்பட்டு 2017 இல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மின்னணுச் செய்திகளும் அவர்கட்கு எட்டவேண்டும் என்கிறது. அரசினரின் தேசியத் தகவலியல் மையம், மாவட்ட இணையதளங்கள் பலவற்றுக்காக ஆக்கிய மென்பொருட் சேவையின் பெயரிலேயே ‘எளிதில் அணுகத்தக்கது’ எனப் பொருள்படும் ‘சுகம்ய’ என்ற சொல்லைச் சேர்த்திருக்கிறது.

இணையத்துக்கு நெறி வகுக்கும் உலக அமைப்பு, பக்கங்களை ஆக்கும் கருவிகளுக்கென்றே 2015 இல் விதிகளை வெளியிட்டது. அவற்றின் சாரம் இரண்டு: ஒன்று, பக்கத்தை எழுதுகிறவர் மாற்றுத்திறனாளியாயினும் அக்கருவியைத் தாமே கையாள இயலவேண்டும். மற்றொன்று, எழுதுகிறவர் எவராயினும் அனைவர்க்கும் எட்டும் பக்கத்தை ஆக்க அக்கருவி அவருக்குத் துணைபுரிய வேண்டும். நாம் முதலாவதை மறந்தே போகிறோம். பார்வையற்றவர் வாசகராக மட்டும் இருக்கவேண்டுமா? ஆசிரியராகலாகாதா?

பெயரை நம்பி வாங்குவதும் தகாது. பெருவழக்கிலுள்ள வேர்ட்பிரஸ் மென்பொருளில் 2018 டிசம்பரில் புதிய எழுதுகளம் ஒன்று வந்தபோது, திரைவாசிப்பானுக்கு அது இடர் தருகிறது என்று பலர் முறையிட்டனர். 2019 இல் வெளியார் நடத்திய தணிக்கை குறைகளைப் பட்டியலிட்டது. பின்னர்ப் பல திருத்தப்பட்டன. ஆகவே, ஒவ்வொரு பதிப்பையும் சோதித்தே ஏற்கவேண்டும்.

நாங்கள் இரண்டு மென்பொருள்களை எடுத்துக்கொண்டோம். சுட்டியை அப்புறப்படுத்தி, விசைப்பலகையால் மட்டும் ஒரு செய்தியை எழுதி வெளியிட முயன்றோம். படம் சேர்க்கையில் அதற்கு விளக்கம் எழுதும்படி மென்பொருள் கேட்கிறதா என்று பார்த்தோம். தலைப்பைத் தலைப்பென்றே குறிக்க வழியுண்டா, எழுத்தும் பின்னணியும் தெளிவாக வேறுபடுகின்றனவா என நோக்கினோம். தமிழ்ப் பகுதியைத் தமிழென்றும், கன்னடப் பகுதியைக் கன்னடமென்றும் குறிக்க இடமுண்டா என்றும் கண்டோம். அக்குறிப்பின்றேல் திரைவாசிப்பான் ஒரு மொழியை இன்னொரு மொழியின் குரலில் உளறக்கூடும். பழைய எழுத்துருக்களில் அச்சிட்ட தமிழும் அவ்வாறே உளறலாகும். யூனிகோடு எழுத்தே வேண்டும். இறுதிச் சோதனையாக, அம்மூத்த உறுப்பினரையே தேர்வாளராக அமர்த்தினோம். தானியங்கிச் சோதனைக் கருவிகள் குறைகளுள் ஒரு பகுதியையே காட்டும். பயன்படுத்துகிறவர் வாக்கே முடிவானது.

முதல் மென்பொருள் கண்ணுக்கு அழகியது. ஆயினும் சுட்டியின்றி ஒரு பத்தியைக்கூட நகர்த்த இயலவில்லை. இரண்டாவது எளிய தோற்றமுடையது; அதில் அப்பெரியவர் எவர் துணையுமின்றி நான்கு வரி எழுதி வெளியிட்டார். அதையே நாங்கள் பரிந்துரைக்கிறோம்.

“ஒருவருக்காக இவ்வளவு பாடா?” என்று சிலர் கேட்கக்கூடும். இரயில் நிலையத்தில் படிக்கு அருகே சாய்தளம் அமைப்பது சக்கர நாற்காலிக்காக. அதில் கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் தள்ளும் தாயும் ஏறுகிறாள். முழங்கால் வலியுள்ள முதியவரும் ஏறுகிறார். அன்றியும், முதுமை நம்மில் எவரை விட்டது?

பிழைப்பை நாடி வந்த நமக்கு இம்மல்லேஸ்வரம் இடம் தந்தது. நம் சங்கத்தின் வாயிலில் நம்மவர் ஒருவரை நிறுத்தி வைப்பது அழகன்று. மலரை இனி யூனிகோடில் தட்டச்சு செய்தே ஏற்றுவது என்றும், இரண்டாம் மென்பொருளை ஏற்பது என்றும் இச்சபை முடிவு செய்யுமாறு வேண்டுகிறேன். புதிய தளத்தின் முதற்பக்கமாக அப்பெரியவர் கட்டுரையே அமையட்டும். அதை அவர் தம் செவியால் கேட்கட்டும்.