மின்சாரச் சைக்கிளும் சட்டமும்



தாராவி 90 அடிச் சாலையிலும் மாட்டுங்காக் கடைவீதியிலும் ஓசையின்றி ஓடும் மின்சாரச் சைக்கிள்களை நாள்தோறும் காண்கிறீர்கள். அவற்றிற்கு லைசென்ஸ் வேண்டியதில்லை என்று விற்போர் கூறுவது பாதி உண்மையே.

சைக்கிள் எது, மோட்டார் வாகனம் எது என வகுப்பவை 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள். ஆதலின், செம்பூருக்குரிய இலக்கணமே சேலத்துக்கும் உரியது. மிதிப்பதற்குத் துணைநிற்கும் மோட்டாரின் ஆற்றல் 250 வாட்டுக்குக் குறைந்திருத்தல் வேண்டும். வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டும்போது, அல்லது அதற்கு முன்னரே மிதிப்பது நின்றால், மோட்டார் ஓய்ந்துவிட வேண்டும். விதிகளைப் பெயர்த்தெழுதிப் பழகிய நமக்கு, இங்குள்ள ‘அல்லது’ சிறு சொல்லாகத் தோன்றவில்லை. அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்தின் சான்றும் தேவை. புனேயிலேயே அத்தகைய நிலையம் உண்டு.

சில கடைகளில் வேகக் கட்டுப்பாட்டை நீக்கித் தருகின்றனர். அக்கணமே அது சட்டப்படி மோட்டார் வாகனம். பதிவு, லைசென்ஸ், இன்ஷூரன்ஸ், தலைக்கவசம் யாவும் கட்டாயம். 2022இல் மகாராஷ்டிரப் போக்குவரத்துத் துறையினர் இத்தகைய வண்டிகளைத் தேடிச் சோதனை நடத்தினர். அபராதத்தோடு போயிற்றென்றால் நன்று. எவரேனும் அடிபட்டால், இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டிக்கு நஷ்டஈடு யார் கொடுப்பது? பொட்டலம் சுமந்து பிழைக்கும் இளைஞர் அதனை எங்ஙனம் தாங்குவார்?

வாங்கும்போதே சான்றிதழின் நகலைக் கேளுங்கள். தர மறுக்கும் கடையை விட்டு அடுத்த கடைக்குச் செல்லுங்கள்.