அஞ்சல் தலையில் ஒரு யாத்திரிகர்



1964-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 2-ஆம் நாள் இரு நாடுகளின் அஞ்சல் நிலையங்களில், ஒரே நிகழ்ச்சியையொட்டிப் புதிய அஞ்சல் தலைகள் விற்பனைக்கு வந்தன. ஒன்று, நாற்பது கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த நமது பாரத நாடு. மற்றொன்று, 44 ஹெக்டேர் பரப்புக்குள் அடங்கிவிடும் வத்திக்கான். அன்றுதான் போப்பாண்டவர் ஆறாம் பால், உலக நற்கருணை மாநாட்டில் கலந்துகொள்ளப் பம்பாயில் வந்திறங்கினார். போப்பாண்டவர் ஒருவர் இந்திய மண்ணில் அடிவைத்தது அதுவே முதல் முறை.

வத்திக்கான் வெளியிட்டவை நான்கு தலைகள். ஒன்றில் போப்பாண்டவர் செபத்தில் ஆழ்ந்திருக்கிறார். மற்றொன்றில் பம்பாய் ஓவல் மைதானத்தில் எழுப்பப்பெற்ற பலிபீடம்; இன்னொன்றில் ‘இந்தியாவின் நுழைவாயில்’; நான்காவதில் அவரது உருவமும் நமது நாட்டின் படமும். நுழைவாயிலைத் தேர்ந்த ஓவியர் அதன் வரலாற்றை எண்ணினாரோ, இல்லையோ, நாம் அறியோம். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் 1911-இல் கப்பலில் வந்திறங்கியதன் நினைவாகக் கட்டப்பட்ட வளைவு அது. 1948-இல் ஆங்கிலேயப் படையின் கடைசி அணி அதே வளைவின் வழியாகத்தான் விடைபெற்றுச் சென்றது. படையில்லாத ஒரு சிற்றரசின் தலைவரை, அதுவும் விமானத்தில் வந்தவரை, வரவேற்கும் சின்னமாக அது அஞ்சல் தலையில் ஏறியது.

நமது அரசு வெளியிட்டது ஒரே தலை. விலை 15 பைசா. ‘நயா’ என்னும் சொல் நாணயத்தினின்றும் நீங்கி ஆறு திங்கள்களே ஆகியிருந்த காலம் அது. அத்தலையில் விருந்தினரின் முகம் இல்லை. இத்தாலியில் ஒர்த்தோனா நகரத்துப் பேராலயத்தில் உள்ள தோமையார் சிலையே அதில் பொறிக்கப்பட்டது. ஏசுநாதரின் சீடரான தோமையார் கேரளக் கரையில் வந்திறங்கி, இறுதியில் நமது மயிலாப்பூரில் உயிர் நீத்தார் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. அவருடைய எலும்புகள் பின்னாளில் மேற்கே கொண்டுசெல்லப்பட்டு ஒர்த்தோனாவில் வைக்கப்பட்டுள்ளன என்பர். ஆகவே, ஒரு சொல்லும் கூறாமலே அத்தலை ஒரு கருத்தை உணர்த்திற்று: ‘ஐயா, தங்கள் சமயம் எங்களுக்குப் புதியதன்று, வாஸ்கோ ட காமாவின் கப்பலில்தான் அது முதன்முதலாக வந்ததென்று எண்ண வேண்டா.’ வருகையை எதிர்த்துக் குரல் எழுப்பியவர்களும் அன்று இருந்தனர். அவர்கட்கும் அதுவே தக்க மறுமொழியென்று நமக்குத் தோன்றுகிறது. மேலும், அது அந்நாளில் சாதாரண உள்நாட்டுக் கடிதத்துக்கு ஒட்டும் விலையுள்ள தலை. கடை வியாபாரியின் கடிதத்திலும், திருமண அழைப்பிலும் ஏறி ஊரூராகச் சென்றிருக்கும்.

நம் வீட்டில் தந்தையார் விட்டுச்சென்ற தொகுப்பேடு ஒன்றிலும் அத்தலை உள்ளது. உறையினின்றும் நீரில் ஊறவைத்து எடுத்து, கோந்து தடவி அழுத்தமாக ஒட்டியிருக்கிறார். சேகரிப்போர் பார்த்தால் நெஞ்சு பொறுக்கமாட்டார்கள். அதன் கீழே பென்சிலால் நான்கு கட்டங்கள் வரைந்து ‘வத்திக்கான்’ என்று எழுதியிருக்கிறார். அக்கட்டங்கள் நாம் ஏட்டைப் பெற்றபோதும் வெறுமையாகவே இருந்தன. அவற்றை நிரப்பப் புகுந்த முயற்சியே இம்மனிதரின் வரலாற்றை நாம் படிக்கக் காரணமாயிற்று.

1897-இல் வட இத்தாலியில், பிரேஷா நகரை அடுத்த கொன்சேசியோவில் ஜொவான்னி பத்திஸ்தா மொந்தீனி பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர், பத்திரிகையாசிரியருங்கூட. 1920-இல் குருப்பட்டம் பெற்ற மொந்தீனி, வத்திக்கான் அரசுச் செயலகத்தில் முப்பதாண்டுகள் அளவு கோப்புகளிடையே உழைத்தார். அலுவலகக் கோப்புகளில் காலங்கழிக்கும் நமக்கு இது ஒருவகை ஆறுதல். 1954-இல் மிலான் பேராயரானார். 1963 ஜூன் 21-இல் போப்பாண்டவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பால் என்ற பெயரை நமது கத்தோலிக்கப் பெரியோர் அந்நாளில் ‘சின்னப்பர்’ என்று அழகாகத் தமிழாக்கியிருந்தனர். ஆறாம் சின்னப்பர் என்றே அவர் இங்கு வழங்கப்பட்டார். பிற்காலத்தார் ‘பவுல்’ என்று மாற்றிக்கொண்டனர். மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் பழைய பெயரை இழந்ததில் நமக்குச் சிறிது வருத்தம் உண்டு.

போப்பாண்டவரின் ஆட்சிப் பகுதிகள் 1852-இல் முதல் அஞ்சல் தலைகளை வெளியிட்டபோது, அவற்றில் நாட்டின் பெயரும் இல்லை, ஆள்பவரின் முகமும் இல்லை. குறுக்கிட்ட இரு திறவுகோல்களும் மூவடுக்கு மணிமுடியுமே இருந்தன. 1870-இல் உரோமை நகரம் இத்தாலியப் படையிடம் வீழ்ந்தது, தலைகளும் நின்றன. 1929-இல் லாத்தரன் உடன்படிக்கையால் வத்திக்கான் தனி நாடான பின்னரே அவை மீண்டும் தோன்றின. அந்த மணிமுடியை அணிந்து முடிசூடியவர்களுள் கடைசி மனிதர் ஆறாம் பால். மிலான் மக்கள் அளித்த அம்முடியை, பம்பாய்க்குப் புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, 1964 நவம்பர் 13-இல், ஏழைகளின் பொருட்டு அவர் பலிபீடத்தின்மேல் வைத்துவிட்டார்.

அவருடைய பயணங்களை வத்திக்கானின் தலைகளைக்கொண்டே வரிசைப்படுத்திவிடலாம். 1964 ஜனவரியில் பெத்லகேம், ஜெருசலேம், நாசரேத்து, 1965 அக்டோபரில் நியூயார்க் ஐக்கிய நாடுகள் சபை, 1969-இல் உகாண்டா. 1970-இல், அவர் குருத்துவத்தின் பொன்விழாவுக்கு ஐந்து தலைகள் வந்தன. நான்கில் பெரும் ஓவியர்கள் தீட்டிய கிறிஸ்துவின் முகங்கள். விழா நாயகரின் முகம் ஐந்தாவதில்தான்.

ஆயினும் தலைகளில் வராதவையே பம்பாய்ப் பயணத்தின் சாரம் என்போம். டிசம்பர் 3-இல் பிற சமயப் பிரதிநிதிகளிடையே பேசுகையில், பொய்ம்மையினின்றும் மெய்ம்மைக்குச் செல்ல விழையும் உபநிடதப் பிரார்த்தனையை அவர் எடுத்துக் கூறினார். மறுநாள் பத்திரிகையாளர் வாயிலாக உலக நாடுகளுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார்: படைக்கலங்களுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியையேனும் ஒதுக்கி, வறிய மக்களின் துயர் தீர்க்க ஓர் உலக நிதி காணுங்கள் என்றார். 1967-இல் வெளியிட்ட ‘மக்களின் முன்னேற்றம்’ என்னும் சுற்றுமடலிலும் பம்பாயை நினைவுகூர்ந்து இதனை மீண்டும் வற்புறுத்தினார். அவர் கேட்ட அளவில் அந்நிதி இன்றுவரை அமையவில்லை. அவர் தம் பங்குக்குச் செய்தது ஒன்றுண்டு. இப்பயணத்தில் தாம் பயன்படுத்திய வெண்ணிற லிங்கன் காரை அன்னை தெரேசாவிடம் விட்டுச் சென்றார். அன்னையார் அதில் ஒரு நாளும் ஏறிச் செல்லாமல், குலுக்குச் சீட்டு நடத்திக் கிடைத்த பணத்தைத் தொழுநோயாளர் இல்லத்துக்குச் செலவிட்டார்.

நம் ஏட்டின் நான்கு கட்டங்களுள் மூன்று இப்போது நிரம்பிவிட்டன. ஓவல் மைதானப் பலிபீடம் மட்டும் இன்னும் கிடைத்தபாடில்லை.

1978 ஆகஸ்டு 6-இல் ஆறாம் பால் மறைந்தார். 2018-இல் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. இறுதிச் சடங்கில் வேலைப்பாடற்ற மரப்பேழை வெறும் தரைமேல் வைக்கப்பட்டு, அதன்மீது திறந்த நற்செய்தி நூல் ஒன்று மட்டும் கிடந்தது. போப்பாண்டவர் இல்லாத இடைக்காலத்துக்கென வத்திக்கான் தனியே தலைகள் வெளியிடுவது 1939 முதல் வழக்கம். அவ்வாண்டும் வெளியிட்டது. அவற்றில் எவர் முகமும் இல்லை. குடையும், அதன்கீழ்க் குறுக்கிட்ட இரு திறவுகோல்களுமே இருந்தன.