மார்கழிக் குளிரும் வீட்டின் வெப்பநிலையும்



திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு குளிர்காலத்தைப் பற்றிப் பேசப் புகுவது சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். மார்கழி, தை மாதங்களிலும் இந்நகரில் பகல் வெப்பம் செல்சியஸ் அளவில் 31, 32 டிகிரியை எட்டுகிறது. விடியற்காலையில் சராசரியாக 22, 23 டிகிரியில் நிற்கிறது. ஆயினும், இங்கே கரமனையிலும் வலியசாலையிலும் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களும், தில்லி போன்ற வட நகரங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் இம்மாதங்களில் ஒரே வினாவைத்தான் எதிர்கொள்கின்றன. வீட்டினுள் எத்தனை டிகிரி இருந்தால் உடலுக்கு இதமாகவும் செலவுக்குச் சிக்கனமாகவும் இருக்கும் என்பதே அவ்வினா.

எல்லோருக்கும் எக்காலத்துக்கும் பொருந்தும் ஓர் எண் கிடையாது என்பதை முதலில் நாம் உணர வேண்டும். நமது உடல் ஓயாமல் வெப்பத்தை உண்டாக்குகிறது. அதை வெளிவிட்டுக்கொண்டும் இருக்கிறது. வெளிவிடும் வேகம் மிகுந்தால் குளிர்கிறது, குறைந்தால் புழுங்குகிறது. உடுக்கும் உடை, வீசும் காற்று, காற்றிலுள்ள ஈரம் ஆகியவற்றோடு, உடல் எந்தப் பருவத்துக்குப் பழகியிருக்கிறது என்பதும் இதில் சேர்கிறது.

அகமதாபாத்தில் உள்ள செப்ட் பல்கலைக்கழகத்தார் இதனை ஆராய்ந்து 2014-ஆம் ஆண்டில் ஒரு கணக்கை வகுத்தனர். ஜன்னல் திறந்து காற்றோட்டம் உள்ள கட்டடமாயின், வெளியே நிலவும் சராசரி வெப்பத்தை 0.54-ஆல் பெருக்கி, அத்துடன் 12.83-ஐக் கூட்ட வேண்டும். அலுவலகங்களில் பணிபுரிவோரை வைத்துக் கண்ட கணக்காயினும், வீட்டுக்கும் நல்ல வழிகாட்டியாகும். தை மாதத் திருவனந்தபுரத்தின் சராசரி வெப்பம் ஏறத்தாழ 27 டிகிரி. கணக்கின்படி ஏறக்குறைய 27½ டிகிரி இதமானது. அதே மாதத்தில் தில்லியின் சராசரி ஏறத்தாழ 14 டிகிரி. அங்கே 20½ டிகிரியே இதமாகிவிடுகிறது. இரண்டுக்கும் இடையே ஏழு டிகிரி வேற்றுமை!

இதனால் விளங்கும் உண்மை ஒன்று உண்டு. இங்கிருந்து தை மாதத்தில் மகன் வீட்டுக்குத் தில்லி செல்லும் மூதாட்டி, அவ்வீட்டார் இயல்பாக நடமாடும் அறையிலே நடுங்குகிறார். அது முதுமையின் பிடிவாதம் அன்று. அவருடைய உடல் இன்னும் திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது. அது பழகும் வரை, அவர் அறையைச் சற்றுக் கூடுதலான வெப்பத்தில் வைப்பதும், கம்பளியும் காலுறையும் கொடுப்பதும் நமது கடமையாகும்.

இனி, இந்நகரத்து வீடுகளைக் கவனிப்போம். ஏர்கண்டிஷனரை 18 டிகிரியில் வைத்துவிட்டுக் கம்பளியைப் போர்த்துக்கொண்டு உறங்கும் வழக்கம் பெருகியிருக்கிறது. எண்ணைக் குறைத்து வைத்தால் அறை விரைவில் குளிரும் என்று பலர் கருதுகின்றனர். பழைய மாதிரி யந்திரம் எந்த எண்ணில் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும். எண் குறைவாயின் அது நெடுநேரம் ஓடும், அவ்வளவே. ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் சுமார் நூற்றுக்கு ஆறு பங்கு மின்சாரம் மிச்சமாகும் என்று எரிசக்தித் திறன் பணியகம் கூறுகிறது. 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறி பெற்ற ஏர்கண்டிஷனர்கள் 24 டிகிரியில் இயங்கத் தொடங்குமாறு அமைக்கப்படுகின்றன. மின்விசிறியையும் மெல்லச் சுழல விட்டால் 26 அல்லது 27 டிகிரியே போதுமானது. வெளியே 23 டிகிரியாக இருக்கும் மார்கழி இரவில் கொசுவலையிட்ட ஜன்னலைத் திறந்து வைத்தால் யந்திரமே வேண்டுவதில்லை.

இந்நகரையே தமது இல்லமாக்கிக்கொண்டு 2007-இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இதனைச் செங்கல்லிலே காட்டினார். உள்ளூரில் அமைந்த வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் கட்டடங்களில், துளைகள் விட்டுக் கட்டிய செங்கல் சுவர்கள் வெளிச்சத்தை மட்டுப்படுத்திக் காற்றை உள்ளே விடுகின்றன. செங்கற்களைக் குத்தாக நிறுத்தி நடுவே வெற்றிடம் விடும் எலிப்பொறிக் கட்டு முறையையும் அவர் பரப்பினார். அவ்வெற்றிடம் வெயிலின் வெப்பம் உள்ளே புகுவதைத் தடுக்கிறது, செங்கல்லும் மிச்சமாகிறது.

வட நகரங்களில் வாழும் நேயர்களுக்குக் கணக்கு மறுபுறமாகத் திரும்புகிறது. சுவர் வழியே வெளியேறும் வெப்பம், உள்ளும் புறமும் உள்ள வேற்றுமையைப் பொறுத்தது. வெளியே 8 டிகிரியாக இருக்கையில் அறையை 20 டிகிரியில் வைத்தால் வேற்றுமை 12; அதையே 26 டிகிரியில் வைத்தால் வேற்றுமை 18. ஆறு டிகிரிக்காக ஒன்றரை மடங்கு வெப்பத்தை நாம் விலை கொடுத்து வாங்குகிறோம். இரண்டு கிலோவாட் ஹீட்டர் ஐந்து மணி நேரம் இடைவிடாது எரிந்தால் பத்து யூனிட் செலவாகும் என்பதையும் நினைவிற்கொள்ளுதல் நலம்.

ஆனால் சிக்கனத்துக்கும் ஓர் எல்லை உண்டு. குளிர்காலத்தில் வீட்டினுள் 18 டிகிரிக்குக் குறையலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட நெறிமுறைகளில் அறிவுறுத்தியுள்ளது. முதியோர், குழந்தைகள், நோயாளிகள் உள்ள இல்லங்களில் அதனினும் சற்றுக் கூடுதலாக இருப்பதே தக்கது.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. மின்சாரச் செலவுக்கு அஞ்சிக் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவை அடைத்துக்கொண்டு உறங்குவோர் உண்டு. எரியும் கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குவோர் விழிக்காமலே உயிர் பிரிந்துவிடும். அடுப்பை உறக்கத்துக்கு முன்பே வெளியே வைத்துவிட வேண்டும்.

சிறு வெப்பமானி ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டுங்கள். தெற்கே 26, 27. வடக்கே 19, 20. இவ்வளவில் தொடங்கி, வீட்டில் முதியவருக்கு எது இதமோ, அதற்கேற்பக் கூட்டியும் குறைத்தும் அமைத்துக்கொள்ளுங்கள். யந்திரத்தின் எண்ணைத் தொடுவதற்கு முன்னால் ஜன்னலையும் போர்வையையும் நினைத்துக்கொண்டால் போதும். செலவு தானே குறையும்.