மக்கட் செல்வமும் திறந்த வெளியும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் வழக்கம். எனக்குத் தரப்பட்ட பொருளோ, குழந்தைகளுடன் திறந்த வெளியில் பொழுதைக் கழித்தல் என்பது. இதைப் பேச ஒரு மேடை வேண்டுமா என்று சிலர் எண்ணக்கூடும். வேறு ஊர்களுக்கு அவ்வெண்ணம் பொருந்தலாம். தங்கவயலுக்குப் பொருந்தாது. காரணத்தைக் கூறுகிறேன்.

1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் குழுமத்தார் இங்குத் தொழில் தொடங்கிய நாள்தொட்டு, வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய பகுதிகளினின்றும் நம் முன்னோர் வந்து குடியேறினர். லைன் வீடுகளில் வாழ்ந்து, மண்ணுக்கடியில் உழைத்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசையும் கடந்திருந்தது. பகலவன் ஒளியும் தூய காற்றும் அவர்களுக்குக் கிடைத்தற்கரிய பொருள்களாயின. உலகுக்குத் தங்கம் தந்தவர்களுள் பலர், கல்தூள் நிறைந்த நுரையீரலோடு இருமி இருமியே வாழ்நாளைக் கழித்தனர்.

2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. இருள் நீங்கியது, ஆனால் பிழைப்பும் நீங்கியது. இன்று நம்மவர் ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் மாரிகுப்பத்திலும் உரிகத்திலும் புகைவண்டி ஏறிப் பெங்களூர் செல்கின்றனர், இரவில் திரும்புகின்றனர். தந்தை புறப்படும்பொழுது குழந்தை உறங்குகிறது, திரும்பும்பொழுதும் உறங்குகிறது. பல வீடுகளில் தாயின் நிலையும் இதுவே. எஞ்சுவது ஞாயிற்றுக்கிழமை ஒன்று. அதனையும் தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் கொடுத்துவிட்டால், பெற்றோரும் பிள்ளையும் ஒருவரையொருவர் அறிவது எப்பொழுது? அந்த ஒரு நாளிற் பாதியையேனும் குழந்தைகளுக்குத் தாருங்கள் என்பதே இன்று நான் உங்கள்முன் வைக்கும் வேண்டுகோள்.

“வெயில் கொளுத்துகிறதே” என்பர் தாய்மார். உண்மைதான். எனினும் நம் ஊர் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 2,800 அடி உயரத்தில் உள்ளது. சித்திரை வைகாசியிலும் காலைப்பொழுது இனிமையானதே. ஆகவே காலை ஒன்பது மணிக்குள் வெளியே செல்க. அன்றேல் மாலை நாலரை மணிக்குமேற் செல்க. மெல்லிய பருத்தியாடை உடுத்துக. தலைக்கு ஒரு தொப்பியோ துண்டோ வேண்டும். தண்ணீரும் நீர்மோரும் கையோடிருக்கட்டும். விளையாட்டின் மும்முரத்தில் குழந்தை தாகத்தைச் சொல்லாது. அரைமணிக்கு ஒருமுறை நாமே கொடுத்தல் வேண்டும். தலைவலி, குமட்டல், சோர்வு கண்டால் உடனே நிழலிற் கிடத்தி, ஈரத்துணியால் உடலைத் துடைத்து விசிறுக. உடல் அனலாகக் கொதித்து மயக்கம் கண்டால் தாமதியாது மருத்துவரிடம் கொண்டு செல்க.

எங்குச் செல்வது? முதலில் நம் வீதிகளிலேயே தொடங்கலாம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றொன்பது மலர்களின் பெயர்களை அடுக்கினார் என்று இம்மேடையில் பலமுறை கேட்டிருக்கிறோம். நம் தெருவில் நிற்கும் மரங்களில் ஒன்பதின் பெயரை நம் குழந்தை சொல்லுமா? வேம்பு எது, புங்கு எது, ஆவாரை எப்பொழுது பூக்கும் எனக் கேட்டுக்கொண்டே நடந்தால் ஒரு மணி நேரம் போவது தெரியாது, செலவும் இல்லை.

அடுத்து, பேத்தமங்கலம் ஏரி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் இச்சுரங்க நகருக்குக் குடிநீர் அளித்த ஏரி அது. அதன் கரையில் குழந்தையை அமர்த்தி ஒரு செய்தி கூறுங்கள். அங்கே தேங்குவது பாலாற்று நீர். நந்திமலைப் பக்கம் தோன்றும் அவ்வாறு, ஆந்திர நாட்டைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியே சென்று கடலையடைகிறது. பாட்டனார் எந்த மண்ணிலிருந்து வந்தாரோ அந்த மண்ணுக்கே போகும் ஆறு அது. புத்தகம் பத்துப் பக்கங்களிற் சொல்வதைக் குழந்தை அங்கே கண்ணாலேயே கற்றுக்கொள்ளும். ஏரியின் விளிம்பிலே மட்டும் பிள்ளையின் கையை விட்டுவிடாதீர்கள்.

ஒரு முழுநாள் கிடைத்தால் கோலார் செல்லலாம். கோலாரம்மன் கோவிலில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. வீட்டிலே தமிழ் பேசிப் பள்ளியிலே பிறமொழி கற்கும் நம் சிறார்க்கு, ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட அவ்வெழுத்துகளைக் காட்டுதல் நம் கடமை. அருகிலுள்ள அந்தரகங்கை மலையில் படியேறி, கல் நந்தியின் வாயிலிருந்து வீழும் ஊற்றுநீரைக் காணலாம். கம்மசந்திரத்துக் கோடிலிங்கேசுவரமும் அணிமையிலேயே உள்ளது. 108 அடி உயர இலிங்கத்தை அண்ணாந்து பார்ப்பது குழந்தைகளுக்குத் தனி மகிழ்ச்சி.

பெங்களூர்க்கு நாள்தோறும் போய்வருவோர், ஆண்டுக்கு ஒருமுறையேனும் குழந்தைகளை உடனழைத்துச் செல்லுங்கள். 1760-இல் ஐதர் அலி தொடங்கிய லால்பாகில் 240 ஏக்கர் நிழல் இருக்கிறது; 1870-இல் அமைந்த கப்பன் பூங்கா இருக்கிறது. அப்பா ஒவ்வொரு நாளும் எத்துணைத் தொலைவு போகிறார் என்பதையும் பிள்ளை அப்பயணத்தில் உணரும்.

இனி, செல்லக்கூடாத இடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சயனைடு மேடுகளைப் பற்றிப் பேசுகிறேன். திரைப்படங்களிலே அழகாகத் தோன்றும் அக்குன்றுகளில் நம் சிறுவர் சறுக்கி விளையாடுகின்றனர். மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட கல்தூள் அங்கே குவிந்துள்ளது. தங்கம் பிரிக்கச் சயனைடு கலந்து எஞ்சிய கழிவு அது. காற்று வீசும் மாதங்களில் அத்தூள் பறந்து ஊரெங்கும் படிகிறது. மழை அரித்த பள்ளங்கள் திடீரெனச் சரிவதும் உண்டு. பாட்டனாரின் மார்பை அடைத்த தூள் பேரனின் மார்பையும் அடைக்கலாமா? பழைய சுரங்க வாய்களின் பக்கமும் போகலாகாது. தொலைவில் நின்று கோபுரத்தைக் காட்டுங்கள். 1965-ஆம் ஆண்டில் நம் சுரங்கத்துள், சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடத்தை இந்திய அறிஞரும் வெளிநாட்டு அறிஞரும் கூடிக் கண்டனர் என்று பெருமையுடன் சொல்லுங்கள்.

விளையாட இடமின்றி மேட்டுக்கு ஓடும் சிறுவனைக் கடிந்து பயனில்லை. அவனுக்கு வேறு இடம் வேண்டும். ஒவ்வொரு வட்டத்திலும் நிழல் மரங்களும் குடிநீரும் உடைய ஒரு திடல் அமையவேண்டும் என நகரசபையாரை நாம் ஒருமித்துக் கேட்போமாக. திடல் கிடைக்கும்வரை சும்மா இராமல், மாதம் ஒரு ஞாயிறு சங்கமே குழந்தைகளை அழைத்துச் செல்லும் ஏற்பாட்டைச் செய்யலாம். தந்தையை இழந்த பிள்ளைகளும், ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குச் செல்வோரின் பிள்ளைகளும் அதில் முதலிடம் பெறவேண்டும். சோற்று மூட்டை கட்டித்தரத் தாய்மார்கள் இருக்கிறார்கள். கதை சொல்ல ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளப் பெரியவர்கள் இருக்கிறார்கள். இதனினும் சிறந்த துணை யாது?

பாரதியார் தம் பாப்பா பாட்டில் விளையாட்டுக்கென நாள்தோறும் ஒரு பொழுதை ஒதுக்கி வைத்தார். நாம் வாரத்தில் ஒரு பொழுதை ஒதுக்குவோம். நம் முன்னோர்க்குக் கிட்டாத ஞாயிற்றொளியும் நல்ல காற்றும் நம் மக்களுக்குக் கிட்டட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!