ஓவியம்: பொழுதுபோக்கிலிருந்து பிழைப்புக்கு

பொழுதுபோக்காகப் படம் வரைவோரில் பலர் ஓரிடத்துக்கு மேல் நகர்வதில்லை. நடிகரின் புகைப்படத்தையோ சாமி படத்தையோ கட்டம் போட்டு அச்சு அசலாக வரையக் கை பழகிவிடுகிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளை வரையச் சொன்னால் அதே கை தடுமாறுகிறது. கன அளவுள்ள உருவத்தைத் தட்டையாக்கும் வேலையைப் புகைப்படத்தில் கேமராவே முடித்துத் தந்துவிடுகிறது. நேரில் பார்த்து வரையும்போது அந்த வேலை வரைபவர் தலையில் விழுகிறது: எந்த விளிம்பு கூர்மை, எது மங்கல், நிழல் எங்கே தொடங்குகிறது என்று கோட்டுக்குக் கோடு அவரே முடிவெடுக்க வேண்டும். பேருந்து நிலையத்திலும் சந்தையிலும் நின்று, ஆள் நகர்வதற்குள் பென்சிலால் பிடித்துவிடும் ஸ்கெட்ச் பழக்கம் இதற்காகத்தான். அழிப்பான் இல்லாமல் வரைந்தால் இன்னும் நல்லது.

இன்னொரு படத்தைப் பார்த்து வரைவதே தவறு என்பதும் சரியல்ல. 1880-இல், 27 வயதில் ஓவியராவது என்று தீர்மானித்த வான்கோ, சார்ல் பார்க் உருவாக்கிய வரைபயிற்சித் தாள்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து வரைந்தார். தேர்ந்த கையின் கோட்டை இப்படிப் பின்தொடர்வதும் ஒரு பாடம். அங்கேயே தங்கிவிட்டால்தான் கேடு.

நீர்வண்ணத்துக்கு வருபவர்கள் முதலில் தாளில் காசு செலவழிப்பது உத்தமம். மெல்லிய தாள் ஈரம் பட்டதும் சுருண்டுகொள்ளும்; சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாள் தாங்கும். வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்துக்குப் போவதும், வெள்ளை வேண்டிய இடத்தில் தாளையே விட்டுவைப்பதும் இதன் அடிப்படை.

தொழிலாகக் கொள்வது வேறு கணக்கு. தந்தித் துறையில் வேலை பார்த்த கே.சி.எஸ். பணிக்கர் அதை விட்டுவிட்டுச் சென்னை ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். பின்னாளில் அதற்கே முதல்வரானார். படித்து வெளியேறும் மாணவர்கள் ஓவியத்தை வைத்துப் பிழைக்க முடியாமல் வேறு வேலைக்குப் போவது அவரை உறுத்தியது. நவீன ஓவியத்தை விலைகொடுத்து வாங்குவோர் அன்று சொற்பம். ஆகவே மாணவர்களும் ஓவியர்களும் பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றார்கள். அந்தப் பணம், 1966-இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடற்கரையோரம் சோழமண்டல ஓவியர் கிராமம் எழுவதற்கு உதவியது. கைவினை அடுப்பை எரியவைத்தது. வாங்குபவரின் விருப்பத்துக்கு வளையாமல் ஓவியம் தன்போக்கில் வளர்ந்தது. விற்பனைப் பொருள் செய்தால் கலைஞன் கெட்டுவிடுவான் என்போர் இந்த வரலாற்றைப் பார்ப்பதில்லை.

இன்றும் பத்திரிகைப் படம், பாடநூல் படம், சுவரோவியம், உருவப்பட ஆர்டர், குழந்தைகளுக்கு வகுப்பு என்று வழிகள் உண்டு. ஆனால் ஆர்டர் வேலையில் கெடு உண்டு, திருத்தம் உண்டு, பேரமும் உண்டு. முன்பணம் வாங்காமல் தூரிகையைத் தொடக்கூடாது. எத்தனை முறை திருத்தித் தரப்படும் என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். முறையாகப் படிக்க விரும்புவோருக்குச் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன.

திறமை இருப்பதாலேயே யாரும் சம்பள வேலையை உதற வேண்டியதில்லை. அறிமுகமில்லாதவர்கள் விலை கொடுத்து வாங்கி, மறுபடியும் தேடி வந்து, அந்த வரவு சில மாதங்கள் தொடர்ந்து வீட்டுச் செலவைத் தாங்கிய பிறகு வேலையை விடுவதே விவேகம். உறவினரும் நண்பரும் வாங்கும் படங்களை அந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது.